தாம்பூலத் தட்டும் உக்ரைன் சண்டையும்

திண்டிவனத்தில் எங்கள் தெருக்காரர்கள் யாருக்கும் உலகச் செய்தி தெரிந்துகொள்ள டிவி தேவையில்லை. சாயங்காலம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், என் வீட்டுக்காரர் கத்துவது காதில் விழும். எங்கே குண்டு விழுந்தது, யார் யாருக்கு வரி போட்டார்கள், டெல்லியில் யார் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள், எல்லாம் விளக்கமாகக் கிடைக்கும். அவர் அரசுப் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். மைதானத்தின் அந்தக் கோடியில் ஓடுகிற பையனை இந்தக் கோடியிலிருந்து நிறுத்திய குரல். அந்தக் குரலை இப்போது எங்கள் சின்னக் கூடத்துக்குள் வைத்துக்கொண்டு நான் அல்லாடிக்கொண்டிருக்கிறேன்.

டிவி விவாதத்தில் நாலு பேர் சேர்ந்து கத்த ஆரம்பித்தால் இவருக்குப் பொறுக்காது. பனியனுக்குள் தொங்குகிற பழைய விசிலை எடுத்து ஓர் ஊது ஊதுவார். "யோவ், வரிசையா பேசுங்கய்யா! அந்த கண்ணாடி போட்ட ஆளு, நீ கைய எறக்கு!" என்பார். டிவிக்காரன் கேட்பானா? பக்கத்து வீட்டு நாய்தான் கேட்டுவிட்டுக் குரைக்கும். "ஏங்க, உள்ள இருக்கறவனுக்கு உங்க சத்தம் கேக்காதுங்க" என்று ஒரு தடவை பொறுமையாகச் சொல்லிப் பார்த்தேன். "அதான்டி இந்த நாடு உருப்பட மாட்டேங்குது" என்றார். இதற்கு மேல் மனுஷி என்ன பேசுவாள்? அடுப்படிக்குப் போய்விட்டேன்.

வெளியிலும் இதே பேஜாருதான். ஒரு நாள் முடி வெட்டுகிற கடையில் பாதிச் சவரத்தில் எழுந்து வந்துவிட்டார். ஒரு கன்னம் வழவழ, ஒரு கன்னம் நுரை. கடைக்காரர் சைனாவைப் பற்றி என்னவோ சொன்னாராம். "கழுத்துல கத்தி வச்சிருக்கற மனுஷன்கிட்டயா சண்டை போடுவீங்க?" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். காலையில் மைதானத்தில் நடக்கிறவர்கள் ஒன்றாகக் கூடி, "சார், நீங்க மட்டும் எதிர்ப்பக்கமா நடங்க சார்" என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்கள். இவரும் அப்படியே நடக்கிறார். ஒவ்வொரு சுற்றிலும் எதிரே வருகிறவர்களிடம் ஒரு வரி சொல்லிவிட்டுப் போவாராம்.

இவருக்கு ஈடு கொடுக்க வீட்டில் ஒரே ஆள்தான் உண்டு. எங்கள் பெண். ஒரே பிள்ளை. விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் இருட்டுகிற நேரத்துக்குத் திரும்புவாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"வந்தியா? ரஷ்யாக்காரன் இன்னா பண்ணான் தெரியுமா?"

"தெரியும். பஸ்லயே பாத்துட்டேன். பண்ணது தப்பு."

"எது தப்பு? உனக்கு இன்னா தெரியும் சரித்திரம்?"

"அடுத்தவன் வூட்டுக்குள்ள பூந்து அடிக்கறதுக்கு சரித்திரம் வேற ஒரு கேடா?"

அவ்வளவுதான், தோசை ஆறும், சட்னி காயும், இரண்டு பேரும் உக்ரைனில் நிற்பார்கள். நான் கரண்டியை வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் நிற்பேன். என் வீட்டுக்காரருக்கு ரஷ்யா என்றால் உயிர். காரணம் பெரிய கொள்கை எல்லாம் ஒன்றுமில்லை. இவர் பள்ளிக்கூடம் படிக்கிற காலத்தில் அந்த நாட்டிலிருந்து வழவழவென்று ஒரு பத்திரிகை வருமாம். அதைக் கிழித்துத்தான் நோட்டுப் புத்தகத்துக்கெல்லாம் அட்டை போடுவார்களாம். மழையில் நனைந்தாலும் கிழியாத தாளாம். அந்த விசுவாசம் இந்த வயசு வரைக்கும் தாங்குகிறது. அவள் உக்ரைன் கட்சி. எனக்கு எந்தக் கட்சியும் கிடையாது. சண்டையை நிறுத்திவிட்டு ஆறுகிற தோசையை எவனாவது தின்றால் போதும் என்கிற கட்சி.

இதெல்லாம் வீட்டோடு இருந்திருந்தால் நான் இப்படி எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன். பெண்ணுக்குக் கல்யாணம் பேச ஆரம்பித்தபோதுதான் உலக அரசியல் என் வயிற்றில் கை வைத்தது.

முதலில் வந்தவர்கள் வானூர்ப் பக்கம். நல்ல குடும்பம், நிலம் நீச்சு உண்டு. மூத்த மகன் அமெரிக்காவில் இருக்கிறான். நான் கேசரி எடுத்துவருவதற்குள் இவர் அமெரிக்கா நமக்கு வரி போட்டதை எடுத்துவிட்டார். "உங்க புள்ள அங்க உக்காந்துக்கினு இருக்கானே, ஒரு வார்த்தை கேட்டானா?" என்று ஒரே பிடி. அவர்கள் பிள்ளை என்ன செய்வான் பாவம், அவன் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் தட்டுகிறவன். "போய் சொல்லியனுப்பறோம்" என்று எழுந்து போனார்கள். இன்றைக்கு வரைக்கும் சொல்லியனுப்பவில்லை.

இரண்டாவது, செஞ்சிப் பக்கம். பையனின் அப்பா சாது. வாயில் வெற்றிலையைப் போட்டால் துப்புகிற வரைக்கும் பேச மாட்டார். அப்படிப்பட்டவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "பார்லிமெண்டுல நமக்கு சீட்டு கொறைஞ்சா இன்னாங்க, இருக்கறவங்க இன்னா கிழிச்சாங்க?" ஐயோ, எதற்குத்தான் அந்த மனுஷன் அன்றைக்கு வெற்றிலையைத் துப்பினாரோ! இவர் எழுந்தார். தொகுதிக் கணக்கு, ஜனத்தொகைக் கணக்கு, டெல்லி, மாநில உரிமை, எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னார். அவர்கள் காபியை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

என்னவோ தோஷம் என்று நினைத்தேன். மயிலம் மலை ஏறினேன், ராகு காலத்தில் எலுமிச்சை விளக்கு போட்டேன், யார் யார் சொன்ன கோவிலுக்கெல்லாமோ போனேன். உறவுக்காரர்கள் வாய் சும்மா இருக்குமா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "பொண்ணு நல்லாத்தான் இருக்குது, அவங்க அப்பா வாய்தான்..." என்று கூட்டேரிப்பட்டு வரைக்கும் பேச்சு. இரண்டாவது இடம் தட்டிப்போன அன்றைக்கு, அவர்கள் வைத்துவிட்டுப் போன காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டே பெண் சொன்னாள், "அம்மா, இனிமே நான் யாருக்கும் காபி கொண்டாந்து வைக்க மாட்டேன்." அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்புறம் ஒரு நாள் அவளே வந்து சொன்னாள். விழுப்புரத்தில் ஒரு பையன். அவள் வேலை செய்கிற லேபுக்கு மருந்து, கருவி எல்லாம் சப்ளை செய்கிற கம்பெனியில் இருக்கிறான். பேசிப் பழகியிருக்கிறார்கள். நம்ம ஆளுங்கதான், விசாரித்தாயிற்று. "இவன்னா எனக்கு சரிம்மா. இதையாவது அப்பா ஒடைக்காம பாத்துக்கோ" என்றாள். சொல்லும்போது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயசுக்கு அப்புறம் அவள் அப்படிப் பிடித்ததில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன், இந்தக் கல்யாணத்தை ஐநா சபையே வந்தாலும் நிறுத்த முடியாது என்று.

பையனின் அம்மாவுக்குப் போன் போட்டேன். வீடு, வேலை, நகை எல்லாம் அப்புறம். "அண்ணி, தப்பா நெனச்சிக்காதீங்க. உங்க வூட்டுக்காரரு நியூஸ் பாப்பாரா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "ஏன் அண்ணி கேக்கறீங்க அந்த கொடுமைய?" என்றார். எனக்கு உடன்பிறந்தவளைக் கண்ட மாதிரி ஆகிவிட்டது.

அவருடைய வீட்டுக்காரர் ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவராம். காலையில் மூன்று பேப்பர். விழுப்புரம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் பழைய சிநேகிதர்களோடு உட்கார்ந்து உலகத்தையே பச்சைக்கொடி காட்டி அனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாராம். நாங்கள் இரண்டு பேரும் போனிலேயே ஒரு சமாதானப் பேச்சுவார்த்தை நடத்தினோம். எந்த எந்த விஷயத்தில் உங்கள் ஆள் எந்தப் பக்கம், என் ஆள் எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தோம். ஜாதகப் பொருத்தம் பார்க்கிற மாதிரிதான்.

"அமெரிக்கா?"

"எங்க ஆளுக்கு ஆவாது."

"இவருக்கும் ஆவாது! தொகுதிக் கணக்கு?"

"அதப்பத்திப் பேசுனா வூட்டுல பாத்திரம் பறக்கும். விடவே கூடாதும்பாரு."

"எங்க வூட்லயும் அதே கதைதான் அண்ணி! சரி, ரஷ்யா?"

"ரஷ்யான்னா உயிரு. சின்ன வயசுல ஏதோ பத்திரிகையாம், நோட்டுக்கு அட்டை போடுவாராம்..."

நான் கத்தியே விட்டேன். மயிலம் முருகா, நான் ஏறின படி வீண் போகவில்லை! பத்துப் பொருத்தமும் பொருந்தி, மேலே ரஷ்யாவும் பொருந்திவிட்டது. இனி இவர்களைப் பேச விடாமல் வாயைக் கட்டுவதைவிட ரஷ்யாவைப் பற்றியே பேச விட்டுவிடலாம், இரண்டு பேரும் சேர்ந்து ஒரே பக்கம் கத்திக்கொண்டு கிடக்கட்டும் என்று நானும் அண்ணியும் தீர்மானம் போட்டோம்.

நிச்சயதார்த்தம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், எங்கள் வீட்டிலேயே. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். ஐயருக்கு அதற்கப்புறம் மயிலத்தில் இன்னொரு நிச்சயதார்த்தம், வந்ததிலிருந்து கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வல்லத்திலிருந்து என் தம்பி, தாய்மாமன் முறைக்கு, ஒரு மூட்டை மல்லாட்டையோடு, அதான் வேர்க்கடலையோடு, வந்திருந்தான். விசிலைப் பெண்ணே வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். "அப்பா, இன்னிக்கு ஒரு நாளு. எனக்காக" என்றாள். இவர் தலையை ஆட்டினார். வேட்டி சட்டையில் மாப்பிள்ளை மாதிரிதான் இருந்தார், சும்மா சொல்லக்கூடாது. முகம் மட்டும் என்னவோ போல இருந்தது. காலையிலிருந்து டிவியே போடவில்லை. நான் அதைப் பக்குவம் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவர்கள் வந்தார்கள். பையன் நல்ல களையான பையன், வந்தவுடன் இவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவன் அப்பா சிரித்த முகம். உட்கார்ந்தார்கள், காபி குடித்தார்கள். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. மின்விசிறிதான் கடகடத்தது. சரி, இதுதான் சமயம் என்று நான் அண்ணியைப் பார்த்தேன், அண்ணி கண்ணைக் காட்டினார். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அதை நான் என் இரண்டு கையாலும் செய்தேன்.

"அண்ணே, உங்களுக்கும் ரஷ்யான்னா ரொம்ப புடிக்குமாமே?" என்றேன்.

அவர் முகம் பல்பு போட்ட மாதிரி ஆனது. "புடிக்குமாவா? ஏம்மா, நான் படிச்ச அத்தனை நோட்டுக்கும் ரஷ்யாக்காரன் தாளுதாம்மா அட்டை! அப்பேர்ப்பட்ட தாளு! அவனப் போயி இன்னிக்கு உலகமே திட்டுதே. அவன் பக்கத்து நியாயத்த எவன்மா பேசறான்?"

எனக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் இரவெல்லாம் சொல்கிற அதே வார்த்தை. இப்போது இவர் எழுந்து அந்த மனுஷனைக் கட்டிப்பிடித்துக்கொள்வார் என்று பார்க்கிறேன். இவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"தாளு நல்ல தாளுதான்" என்றார். "அதுக்காவ அடுத்தவன் வூட்டுக்குள்ள பூந்து அடிக்கலாமா?"

என் காதையே நான் நம்பவில்லை. அண்ணி என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது? சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"இன்னாங்க இப்படி சொல்லிட்டீங்க?" என்றார் அந்த அண்ணன், நிஜமாகவே மனம் நொந்து. "வேலி ஓரமா எதிராளிய கொண்டாந்து குடி வச்சா அவன் சும்மா இருப்பானா?"

"அவன் நெலம், அவன் யாரை வேணா குடி வைப்பான். உங்ககிட்ட பர்மிசன் கேக்கணுமா?"

"அந்த நெலமே இவன் தாத்தன் நெலங்க!"

"அப்படிப் பாத்தா இந்த திண்டிவனமே எவன் தாத்தன் நெலமோ! எல்லாரும் காலி பண்ணிக்கினு போலாமா?"

என் தம்பி பயந்துபோய் நடுவில் பூந்தான். "மாமா, மாமா, மல்லாட்டை இந்த வருசம் நல்ல வெளைச்சல் மாமா" என்றான். இரண்டு பேரும் சேர்ந்து அவனைப் பார்த்த பார்வையில் அவன் மூட்டையோடு மூட்டையாக உட்கார்ந்துவிட்டான். ஐயர் மட்டும்தான் தைரியசாலி. "பத்தரைக்கு ராகு காலம், சண்டை அப்புறம் போட்டுக்கலாம், தட்டைக் கையில எடுங்கோ" என்று ஒரு அதட்டு அதட்டினார். இரண்டு அப்பாக்களும் எழுந்து நின்றார்கள். தேங்காய், பூ, பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள், கல்கண்டு, புடவை என்று மலை மாதிரி அடுக்கிய தட்டை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டார்கள். நான் அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்துவிட்டால் மாற்றுகிற வரைக்கும் கீழே வைக்கக்கூடாது. வைத்தால் சம்பந்தம் முறிந்தது என்று அர்த்தம். ஐயர் லக்னப் பத்திரிகை படித்து முடித்து, "இன்னார் மகளை இன்னார் மகனுக்கு" என்று மூன்று தரம் கேட்டு, பெரியவர்கள் சம்மதம் சொன்ன பிறகுதான் தட்டு மாறும். அதுவரை தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஐயர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்க வாயைத் திறந்தார். அதற்குள் அந்த அண்ணன் வாயைத் திறந்துவிட்டார். "இல்லங்க, நீங்க சொன்னது எனக்கு மனசே ஆறல. நீங்க ஒரு வாத்தியாரு..."

"வாத்தியாரா இருக்கறதாலதாங்க சொல்றேன்! பெரிய பையன் சின்ன பையன அடிச்சா யாரு மேல தப்புன்னு கேக்க மாட்டேன். மொதல்ல கைய எடுடான்னுதான் சொல்லுவேன்!"

அறைக்குள் கதவோரம் அலங்காரத்தோடு நின்றிருந்த பெண் என் இடுப்பைக் கிள்ளினாள். "அம்மா, இது நேத்து நான் சொன்னது. அப்படியே சொல்றாரு பாரு" என்றாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இவர் பேசுவது ஒன்றுகூட இவருடைய பேச்சு இல்லை. இத்தனை வருஷமாக அவள் தோசைத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னதெல்லாம், வரிசை மாறாமல், மூச்சு விடுகிற இடம்கூட மாறாமல், இவர் வாயிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. ஒரு வார்த்தைகூடக் காதில் வாங்காத மாதிரி கத்திக்கொண்டிருந்தாரே இந்த ஆள்!

சண்டை சூடு பிடித்தது. என் வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி, கையை ஆட்டாமல் பேச வராது. டிரில் மாஸ்டர் இல்லையா, "முன்னால", "பக்கத்துல" என்பதற்கெல்லாம் கை நீள வேண்டும். கையிலோ மலை மாதிரி தட்டு. வார்த்தை தொண்டை வரைக்கும் வருகிறது, கை நீள முடியாமல் தடுமாறுகிறார். தேங்காய் உருண்டு தட்டு விளிம்புக்கு வந்தது. தோளை ஆட்டிப் பார்த்தார், முகவாயை ஆட்டிப் பார்த்தார். வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடையப் போகிறது, இந்த ஆள் தட்டைக் கீழே வைக்கத்தான் போகிறார் என்று எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. குனியவும் ஆரம்பித்தார். என் பெண் "அப்பா..." என்றாள். சத்தமே வராத ஒரு "அப்பா."

என்ன நினைத்தாரோ, பாதிக் குனிந்தவர் நிமிர்ந்தார். தட்டை அப்படியே எதிரே நின்ற மனுஷனின் தட்டுக்கு மேலேயே வைத்து, "இத கொஞ்சம் புடிங்க. நான் வெவரமா சொல்றேன்" என்றார்.

அவர் என்ன செய்வார்? தாம்பூலத் தட்டு விழக்கூடாதே என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஒரு தட்டுக்கு மேல் ஒரு தட்டு, மூக்கு வரைக்கும் வாழைப்பழம். இவர் விரலை நீட்டி, "மொத பாயிண்டு..." என்று ஆரம்பித்தார். அந்த மனுஷனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அது எப்படிங்க, நீங்க மட்டும் கைய நீட்டுவீங்க, நான் சொமந்துக்கினு நிக்கணுமா? அப்ப இத நீங்க புடிங்க!" என்று மேல் தட்டை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, அடியிலிருந்த தன் தட்டை உருவி இவர் கையில் திணித்தார்.

ஐயர் பத்திரிகையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், இரண்டு தட்டையும் பார்த்தார். "மாத்தியாச்சு! பேஷா மாத்தியாச்சு! அட்சதை போடுங்கோ!" என்று கத்தினார். பாக்கியைப் பிறகு படித்துக்கொள்ளலாம் என்று பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அண்ணி முதல் பிடி அள்ளிப் போட்டார். அப்புறம் நான் போட்டேன், போட்டேன் என்பதைவிட இவர் மேல் வீசி அடித்தேன் என்பது சரி. என் தம்பி செல்போனில் நாதஸ்வரம் போட்டான். முதலில் ஏதோ பனியன் விளம்பரம் ஓடிவிட்டு அப்புறம்தான் கெட்டிமேளம் வந்தது. அந்த அண்ணன் தலையெல்லாம் மஞ்சள் அரிசியோடு கொஞ்சம் முழித்தார், அப்புறம் வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். "சம்பந்தி, உங்க பாயிண்டு இன்னும் பாக்கி இருக்குது!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பையன் பெண்ணைப் பார்த்தான். அவள் கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு.

என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. தட்டை சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். நேராகப் பின்பக்கம் போனார்.

நான் விடுவேனா? பந்திக்கு இலை போடச் சொல்லிவிட்டு, சாம்பார் கரண்டியோடு பின்னாலேயே போனேன். துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, உங்களுக்கு வெக்கம் மானம் ஏதாவது இருக்குதா? நேத்து ராத்திரி வரைக்கும் ரஷ்யா ரஷ்யான்னு உயிர எடுத்தீங்க. இன்னிக்கு அந்த மனுசன் ஆமான்னு சொன்னதும் ஏன் கட்சி மாறுனீங்க? புள்ள வாழ்க்கைய கெடுக்கறதுக்குன்னே பொறந்தீங்களா?"

அவர் தலை நிமிரவில்லை.

"நல்ல மனுசன்டி அந்தாளு" என்றார்.

"அப்புறம் இன்னாத்துக்கு சண்ட?"

"வானூர்க்காரங்ககிட்ட அமெரிக்கா கெடச்சுது. செஞ்சிக்காரர்கிட்ட சீட்டுக் கணக்கு கெடச்சுது. இந்தாளுகிட்ட ஒண்ணுமே கெடைக்கலடி. எதச் சொன்னாலும் நான் சொல்ல வர்றதையே சொல்றாரு. பையனும் தங்கமா இருக்கான். வேணாம்னு சொல்றதுக்கு எங்கிட்ட ஒரு நாடுகூட பாக்கி இல்ல."

கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, பொய் சொல்லவில்லை. தோஷம் தோஷம் என்று நான் ஏறாத மலை உண்டா, சுற்றாத கோவில் உண்டா? தோஷம் என் வீட்டுக்குள்ளேயே பனியனைப் போட்டுக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது! வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தால் திட்ட வரவில்லை. மைதானத்தையே நிறுத்திய மனுஷன், தோள் இரண்டும் தொங்கிப்போய், மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். நான் பெற்றவள்தானே, இத்தனை நாள் அவளை அனுப்புவதிலேயே குறியாக இருந்தேன். அனுப்பிய மறுநாளைப் பற்றி ஒரு நிமிஷம்கூட நினைத்துப் பார்த்ததில்லை.

பின்னால் கொலுசுச் சத்தம் கேட்டது. பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெண் வந்து நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. முகத்தைப் பார்த்தால் எல்லாம் கேட்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

"அப்பா" என்றாள். "இதோ இருக்குது விழுப்புரம். ஒரு மணி நேரம் பஸ்ஸு. தெனம் நான் போய்க்கினு வந்துக்கினு இருக்கற ஊரு. என்னமோ வெளிநாட்டுக்கு அனுப்பற மாதிரி உக்காந்துக்கினு இருக்கியே?"

"வெளிநாடா இருந்தா தேவலாம்மா" என்றார் அவர். "தெனம் ராத்திரி டிவில காட்டுவான். விழுப்புரத்துல நீ சாப்பிட்டியா, தூங்கினியா, சிரிச்சிக்கினு இருக்கியான்னு எந்த டிவில காட்டுவான்?"

எதைச் சொன்னாலும் வெடுக்கென்று பதில் கொடுக்கிறவள், அன்றைக்குக் கல்லின் மேல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தலையில் ஒட்டியிருந்த அரிசியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.